பாட்டில் கழுவி வாங்கிய 2 கிரெடிட்

என் மதிப்பெண் பட்டியலில் ஐந்தாம் பருவத்தில் ஒரு வரி இருக்கிறது. இன்டர்ன்ஷிப், 2 கிரெடிட், தேர்ச்சி. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கனிம வேதியியலில் மார்க் குறைந்தது என் குறை. கரிம வேதியியலில் எடுத்தது என் படிப்பு. இந்த 2 கிரெடிட் மட்டும் எனக்குச் சொந்தமே இல்லை. கற்றுக்கொள்ளாததைக் கற்றுக்கொண்டேன் என்று என் கையாலேயே எழுத வைத்து, அதன் கீழே முத்திரை குத்தி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துப் பெண். 2005-இல் பிறந்தேன். சிரித்தால் முன்பற்களில் பழுப்புப் பட்டை தெரியும். எங்கள் தெருவில் என் வயசுப் பிள்ளைகள் பலரும் போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டுதான் நிற்போம். நாங்கள் பல் தேய்க்காதவர்கள் இல்லை. போர் தண்ணீர் அப்படி. பாறைக்குள்ளிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு தண்ணீரே கிடையாது என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. ஈறுக்குள்ளே பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அந்த அளவுக்கு மேல் இருக்கிற தண்ணீரைக் குடித்தால் எனாமல் கெட்டுப்போகும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013 மே மாதம் திறந்தார்கள். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம். அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தெருக் குழாய்க்கு அந்தத் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவன் என் தம்பி. அவன் பல் பளிச்சென்று வெள்ளை. ஒரே வீடு, ஒரே தாய் வயிறு, ஒரே சோறு. தண்ணீர்தான் வேறு.

நான் வேதியியல் எடுத்ததற்கு அந்தப் பல்தான் காரணம். பல்லில் இருக்கும் ஹைட்ராக்ஸி அபடைட்டில் ஹைட்ராக்ஸில் இருக்கிற இடத்தில் ஃபுளோரைடு போய் உட்கார்ந்துகொள்ளும் என்று பிளஸ் டூவில் ஒரு டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட அன்று, என் வாய்க்குள் நடந்ததை முதன்முதலாக யாரோ எனக்குச் சொன்னார்கள். அழகில்லை, சாபம், பரம்பரை என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவளுக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று எப்படிச் சொல்வேன்! அன்று முடிவு செய்தேன், தண்ணீரைச் சோதிக்கிற வேலைக்குத்தான் போவேன் என்று.

2023-இல் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அந்த வருஷம்தான் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் புது மாதிரிப் பாடத்திட்டம் வந்தது. இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். நான்காம் பருவம் முடிந்த கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் அல்லது தொழிற்பயிற்சி, அதற்கு 2 கிரெடிட், அது ஐந்தாம் பருவக் கணக்கில் ஏறும். படித்தபோது சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். லேபுக்குப் போவோம், மெஷினைத் தொடுவோம், எங்கள் ஊர்த் தண்ணீரை நானே பார்ப்பேன் என்று நினைத்தேன்.

நான்காம் பருவத் தேர்வு முடிந்த அன்று ஒரு வெள்ளைத்தாளில் அடித்த பர்மிஷன் லெட்டரைக் கையில் கொடுத்தார்கள். "இந்த மாணவிக்கு உங்கள் நிறுவனத்தில் பயிற்சி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." எந்த நிறுவனம் என்கிற இடம் காலி. அதை நாங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கல்லூரிக்கும் அரசுக்கும் இதில் இருந்த வேலை.

எங்கள் மேடத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கௌரவ விரிவுரையாளர். வருஷத்தில் 11 மாதம்தான் சம்பளம், மே மாதம் கிடையாது. எங்களுக்கு இன்டர்ன்ஷிப் வருவதோ சரியாக அந்த மே மாதத்தில். "எனக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லமாட்டேனா? நீங்களே எங்கயாவது பாத்துக்குங்கம்மா" என்றார். அவர் கண்ணைப் பார்த்து அதற்கு மேல் எப்படிக் கேட்பது? பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதலில் இன்டர்ன்ஷிப்புக்கென்று ஒரு பொறுப்பு அலுவலர், கல்லூரியில் ஒரு வழிகாட்டி, போகிற இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் என்று எழுதியிருக்கிறது. காகிதத்தில் மூன்று பேர் எனக்காக நிற்கிறார்கள். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நானும் அம்மாவும்தான் நின்றோம்.

எங்கே போவது? எங்கள் மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஓசூர் சிப்காட், அத்தனை பெரிய கம்பெனிகள், எல்லாம் அப்போது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, ஓசூரும் கூடவே போனது. ஆலைகள் அந்தப் பக்கம் போக, எங்கள் பக்கம் மிஞ்சியது மானாவாரிக் காடும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற பஸ்களும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம் நாங்கள், 68.54 சதவீதம். அப்படிப்பட்ட ஊரில் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையிடம், நீயே போய்க் கம்பெனி பிடித்துக்கொண்டு வா என்று சொல்ல எப்படி மனசு வந்தது? சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இருக்கட்டும். அங்கே போய் நான் எங்கே தங்குவேன், எதைச் சாப்பிடுவேன்?

ஓசூருக்குப் போனோம். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். மாணவர் பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில்தான் செல்லும். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸுக்கு. ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து, அம்மா ஒரு நாள் தக்காளி பறிக்கிற கூலியை விட்டு, மருந்து கம்பெனி ஒன்றின் கேட்டில் இரண்டு மணி நேரம் நின்றோம். செக்யூரிட்டி அண்ணன் நல்லவர். உட்கார நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். உள்ளே போன லெட்டர் திரும்பி வந்தது. "இஞ்சினியரிங், பார்மசி பசங்களத்தான் எடுக்கறாங்களாம், பாப்பா." அடுத்த கேட்டில் "தெரிஞ்சவங்க யாராவது உள்ள இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அதற்கடுத்த கேட்டில் லெட்டரை வாங்கவே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள், "நீ என்ன தப்பு பண்ண, இப்புடி நிக்க வெச்சிட்டாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

இதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றியது. 15 நாள், 30 நாள், நேரில் வரத் தேவையில்லை, சான்றிதழும் ரிப்போர்ட்டும் உறுதி, 3,500 ரூபாய். எங்கள் வகுப்பில் பலர் அதைத்தான் கட்டினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. பருவம் முடிந்து சான்றிதழ் காட்டாவிட்டால் தேர்ச்சி இல்லை, பட்டம் நிற்கும். வேறு என்ன செய்வார்கள்? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எனக்கு வருகிறது. மூன்றரை மாதம் அரசு எனக்குக் கொடுத்ததை, அதே அரசு கேட்கிற ஒரு தாளுக்காக யாரோ ஒரு தரகனிடம் கொடுக்கவேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அதிகாரி யாராவது உண்டா?

என் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அந்த மே, ஜூன் இரண்டு மாதமும் அவன் ஒரு மாங்கூழ் ஆலையில் கிரேட் இறக்கப் போனான். பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வருகிற சீசன், ராத்திரி பகல் வேலை. அந்த ஆலைக்குள்ளேயே லேப் இருக்கிறது. பிரிக்ஸ் பார்க்கிறார்கள், பி.எச். பார்க்கிறார்கள், அமிலத்தன்மை டைட்ரேட் செய்கிறார்கள். நாங்கள் முதலாம் ஆண்டில் பியூரெட் பிடித்துச் செய்த அதே டைட்ரேஷன். கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கிரேட் சுமந்திருக்கிறான். லோடு இறக்குகிறவன் மூன்றாம் ஆண்டுக்குப் போகிற வேதியியல் மாணவன் என்று உள்ளே யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்க அவனுக்கும் தைரியம் வரவில்லை, லெட்டரைக் காட்டினால் கூலி வேலையும் போய்விடுமோ என்று பயம். அந்தக் கூலியிலிருந்து 3,500 எடுத்துக் கட்டி, தான் பார்த்தே இராத ஒரு லேபில் பயிற்சி பெற்றதாகத் தாள் வாங்கினான். அந்த ஆலையின் லேபுக்கும் அவன் கல்லூரிக்கும் நடுவே ஒரு கடிதம், ஒரே ஒரு போன், அது போதுமாயிருந்தது. செய்ய யாருக்கும் கை வரவில்லை.

நான் பணம் கட்டித் தாள் வாங்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள். "ட்ரெயினிங் பீஸ்" 2,000 ரூபாய். குழு லோன் டியூவுக்கு அம்மா எடுத்துவைத்திருந்த காசு அது. கொடுத்துவிட்டு அந்த வாரம் குழுத்தலைவி வீட்டுப் பக்கமே போகாமல் சுற்றி வந்தாள். பரவாயில்லை, நிஜமான லேபுக்குப் போகிறாளே என்று சொன்னாள்.

15 நாள் போனேன். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. 15 நாளும் பாட்டில் கழுவினேன். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நீர்த்த அமிலம், பிறகு குழாய்த் தண்ணீர், கடைசியில் மூன்று தரம் காய்ச்சி வடித்த தண்ணீர். கவிழ்த்து வைக்கவேண்டும், லேபிளைச் சுரண்டவேண்டும். கையுறை கேட்டேன், தீர்ந்துபோச்சு என்றார்கள். விரல் நுனியில் தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரியும். கழுவுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. கழுவாத பாட்டிலில் எந்த அளவும் சரியாக வராது, அது எனக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் ஆசையாகவே கழுவினேன். மூன்றாம் நாள் கற்றுத்தருவார்கள், நான்காம் நாள் கற்றுத்தருவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு சாம்பிள் வந்தது. பிளாஸ்டிக் கேன். ஃபுளோரைடு பார்க்கிற தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கக்கூடாது. மார்க்கர் பேனாவில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்து ஊர். என் பெரியம்மா கட்டிக்கொண்டு போன ஊர். எனக்கு நெஞ்சு படபடத்தது. ஸ்பேட்ன்ஸ் முறையில் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியும். ரத்தச் சிவப்பில் ஒரு கரைசல், அதில் நம் தண்ணீரைச் சேர்க்கவேண்டும். அந்தக் கரைசலில் இருக்கிற ஜிர்கோனியத்தை ஃபுளோரைடு பிடுங்கிக்கொள்ளப் பிடுங்கிக்கொள்ள அந்தச் சிவப்பு வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்று மெஷின் அளந்து சொல்லும். புத்தகத்தில் எத்தனை முறை படித்திருப்பேன்! ஒரே ஒரு தரம் அந்தச் சிவப்பு வெளுப்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"சார், இத மட்டும் நான் பண்ணட்டுமா? நீங்க பக்கத்துல நில்லுங்க சார்."

"பாப்பா, அதெல்லாம் தொடாத. குவெட் ஒடஞ்சா யாரு காசு குடுப்பா? போ, அந்தப் பாட்டில முடி."

"பாத்துக்கறேன் சார். ஓரமா நின்னு பாக்கட்டுமா?"

"சொன்னா கேளும்மா."

கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் கேட்காது என்று.

கடைசி நாள் சான்றிதழ் அடிக்க உட்கார்ந்தவர் என்னையே கேட்டார், "என்னென்ன போடட்டும்?" சிலபஸில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கடினத்தன்மை, குளோரைடு, மொத்தம் கரைந்த உப்பு, ஃபுளோரைடு. சொல்லச் சொல்ல அடித்தார். "பயிற்சி பெற்று நன்கு தேர்ந்துள்ளார்." 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்பது மானியக் குழுவின் கணக்கு. 2 கிரெடிட்டுக்கு 60 மணி. நான் கொடுத்தது 120 மணி நேரம். அத்தனையும் அந்தத் தொட்டியடியில் போனது.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, ஸ்பேட்ன்ஸில் நிறம் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "வெரி குட், நல்லா ட்ரெயினிங் எடுத்திருக்க" என்றார். அந்த ஒரு நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், அவர்கள் கையிலும் இதே மாதிரித் தாள். தலையாட்டிவிட்டு வந்தேன். நான் அன்று தலையாட்டியதை என்னால் மன்னிக்கமுடியவில்லை. ஆனால் என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்களுக்குத் தூக்கம் கெடவில்லையே, எனக்கு மட்டும் ஏன் கெடவேண்டும்?

படிப்போடு வேலையைச் சேர்ப்பது புதுச் சங்கதியா? அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்கிற பேராசிரியர் 1906-இலேயே 27 மாணவர்களை வைத்து இதைத் தொடங்கினார். ஆலைகளோடு பேசி இடம் பிடித்தது பல்கலைக்கழகம். வேலை செய்த பிள்ளைகளுக்கு ஆலை கூலி கொடுத்தது. நம் நாட்டிலேயே 1961-இன் தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரெண்டிஸுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும். மத்திய அரசு 2024-இல் இன்டர்ன்ஷிப் திட்டம் கொண்டுவந்தபோது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள், ஆனால் முழுநேரம் படிக்கிறவர்கள் சேரமுடியாது என்றும் சொன்னார்கள். எல்லாச் சட்டத்துக்கும் திட்டத்துக்கும் வெளியே, வெயிலில் நிற்கிற இனம் நாங்கள். வேலைக்காரர் என்றால் கூலி கிடைக்கும், மாணவர் என்றால் பாடம் கிடைக்கும். எங்களுக்கு இரண்டும் இல்லை, காசையும் நாங்களே கொடுக்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் வேதியியலே இல்லையா? ஜவ்வரிசிக்குப் போகிற குச்சிக்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லினமரின் என்ற ஒன்று இருக்கிறது, அதிலிருந்து சயனைடு பிரியும். அது கழிவுத் தண்ணீரோடு எங்கே போகிறது, சேகோ பேக்டரிக்குப் பக்கத்துக் கிணற்றில் என்ன ஆகிறது, மாவை வெளுக்க எதைப் போடுகிறார்கள் என்று பார்க்க ஒரு வருஷம் போதாது. பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். சுண்ணாம்பும் கந்தக டைஆக்சைடும் போட்டுச் சாறு தெளியவைப்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். ஆனால் கரும்பு அரவை குளிர்காலத்தில். எங்களை அனுப்புவது மே மாதம், ஆலை ஓய்ந்து கிடக்கிற நேரம். இந்த இன்டர்ன்ஷிப்புக்கு மாதம் குறித்தவர்கள் ஒரு விவசாயியைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பானே! மண் பரிசோதனை, குடிநீர்ப் பரிசோதனை என்று அரசின் சொந்த லேப்கள் இருக்கின்றன. ஊராட்சிக்கு ஒரு மாணவி போய்ப் போர் தண்ணீர் பிடித்து வந்து, அங்கே ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர அளந்து எழுதினால், இரண்டு கோடையில் எங்கள் வட்டத்தில் எந்தக் குழாயைப் பிள்ளைகளுக்குத் தரக்கூடாது என்று சுவரில் எழுதிப்போடலாம். நான் கூலியில்லாமல் செய்திருப்பேன். நடந்தே போய்ச் செய்திருப்பேன்.

அப்படிக் கேட்டு ஓர் அரசு அலுவலகத்துக்கு எழுதினேன், பதிவுத் தபாலில். பதில் இன்னும் வரவில்லை.

சான்றிதழைப் பார்த்த அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. லேமினேட் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார், வேண்டாம் என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் படித்துக் காட்டுகிறார். போன மாதம் பெரியம்மா வீட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார், இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை. கையில் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர். கூட்டுக் குடிநீர் பத்து நாளைக்கு ஒரு தரம்தான் வருதாம், மீதி நாளெல்லாம் போர் தண்ணீராம்.

"நீதான் தண்ணி பாக்கறதுக்குப் படிச்சவளாமே, கண்ணு. இத இவனுக்குக் குடுக்கலாமான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

வாங்கி வைத்துக்கொண்டேன். இல்லை அக்கா, எனக்குப் பார்க்கத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை, அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் போனில் கூப்பிட்டு, காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, இன்னும் கூடத்தான் செய்யும், முடிந்தவரை கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்துக் குழந்தைக்கு அதையே கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். "சரி கண்ணு, ரிசல்ட் எப்ப வரும்?" என்றார். அந்தப் பாட்டில் அடுப்படி அலமாரியில் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு தரம் போன் வந்தது. நான் எடுக்கவில்லை.